காப்புறுதியும் வாய்மையும்

கிடுகு வீடுகள் மலிந்திருந்த காலத்திலே, சோளகக் காற்று ஓங்கி வீசும் நாளொன்றில், யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் ஒரு வீடு தீப்பற்றிக்கொண்டால் அடுத்து என்ன நிகழும் என்பதை முதிய நேயர்கள் நன்கறிவர். கூக்குரல் கேட்ட அளவில் அயலவர் எல்லோரும் வாளியும் குடமுமாக ஓடி வருவர். கிணற்றில் நீர் அள்ளுவோர் சிலர். தீ அடுத்த வளவுக்குத் தாவாதவாறு வேலியை வெட்டிச் சாய்ப்போர் சிலர். மறுநாட் காலையில் ஒருவர் ஐம்பது கிடுகு கொண்டுவருவார். இன்னொருவர் பனஞ்சிலாகை தருவார். வேறொரு வீட்டிலிருந்து அரிசியும் பாத்திரமும் வரும். சில நாட்களுள் எரிந்த சுவரின்மேல் புதிய கூரை எழுந்துவிடும். ஒரு குடும்பத்தின் தலையில் விழுந்த பெருஞ்சுமையை ஐம்பது குடும்பங்கள் ஆளுக்குச் சிறிதாகப் பகிர்ந்து ஏற்றுக்கொள்ளும். அவ்வாறு ஏற்றுக்கொண்ட எவருக்கும் அதனால் முதுகு முறிவதில்லை.

காப்புறுதி என்று வழங்கும் ஏற்பாட்டின் வித்து இதுவே. கிராமங்கள்தோறும் இயங்கும் மரண உதவிச் சங்கத்தை நோக்கினாலும் இது புலனாகும். அங்கத்தவர் மாதந்தோறும் சிறு தொகையொன்றைச் செலுத்துகின்றனர். எவர் வீட்டில் மரணம் நேர்கிறதோ அவ்வீட்டுக்குச் சங்கம் ஈமச்செலவுக்குப் பணம் கொடுக்கிறது. இத்தகைய சங்கமொன்றில் அங்கம் வகிப்பவர் காப்புறுதியின் அடிப்படையை முன்னரே அறிந்தவராவர்.

எனினும் அயலவர் உதவியில் இரண்டு குறைகள் உள. முதலாவது, அது அவர்களின் மனத்தையும் அன்றைய கைப்பொருளையும் பொறுத்தது. உரிமையாகக் கேட்டுப் பெறத்தக்கதன்று. இரண்டாவது, தீ ஊர் முழுவதையும் பற்றிக்கொண்டால் உதவ வேண்டியவர்களே உதவி வேண்டுபவர்களாகிவிடுவர். இவ்விரு குறைகளையும் நீக்குவதற்கு மனிதர் கண்ட வழியே காப்புறுதி. முதற் குறையை ஒப்பந்தம் என்னும் கருவியாலும், இரண்டாவதை எண்ணிக்கை என்னும் கருவியாலும் அது நீக்குகிறது.

எண்ணிக்கையை முதலில் ஆராய்வது நலம். ஓரிடத்தில் ஆயிரம் வீடுகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றின் பெறுமதியும் பத்து இலட்சம் ரூபா என்றும் கொள்க. ஆண்டொன்றுக்குச் சராசரி இரண்டு வீடுகள் தீக்கு இரையாகின்றன என்பது நெடுங்கால அனுபவத்தால் தெரியவந்துள்ளது என்றும் கொள்க. எந்த இரண்டு வீடுகள் எரியும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்லமுடியாது. எத்தனை வீடுகள் எரியும் என்பதை ஏறக்குறையச் சொல்லமுடியும். காப்புறுதித் தொழில் முழுவதும் இந்த ஓர் உண்மையின்மேல் நிற்கிறது. இரண்டு வீடுகளின் நட்டம் இருபது இலட்சம் ரூபா. அதனை ஆயிரம் வீட்டாரும் பகிர்ந்தால் தலைக்கு இரண்டாயிரம் ரூபா ஆகும். அலுவலகச் செலவு, நட்டத்தை மதிப்பிடுவோர் ஊதியம், தீ மிகுந்த ஆண்டுகளுக்கான சேமிப்பு, கம்பனியின் இலாபம் ஆகியவற்றைக் கூட்டினால் மூவாயிரம் ரூபா எனலாம். இத்தொகைக்கே கட்டுப்பணம் என்று பெயர். வீட்டுக்காரர் மூவாயிரம் ரூபாவை நிச்சயமாக இழக்கிறார். அதற்கு ஈடாக, பத்து இலட்சத்தை இழக்க நேருமோ என்னும் அச்சத்தினின்று விடுபடுகிறார்.

இக்கணக்குப் பொய்க்காதிருக்க வேண்டுமாயின் வீடுகளின் தொகை பெரிதாயிருத்தல் வேண்டும். பத்து வீட்டார் மாத்திரம் கூடி இவ்வேற்பாட்டைச் செய்துகொண்டால், முப்பது ஆண்டுகள் ஒரு தீயும் நேராதிருக்கலாம். அடுத்த ஆண்டே இரண்டு வீடுகள் எரிந்து பத்துப் பேரையும் கடனாளிகளாக்கலாம். எண்ணிக்கை பெருகப் பெருகச் சராசரி நிலைபெறும் என்பதைக் கணித முறையால் நிறுவியவர் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்து அறிஞர் யாக்கோப் பேர்ணூலி என்பவர். அவர் இறந்து எட்டு ஆண்டுகளின் பின், 1713ஆம் ஆண்டிலே அவருடைய நூல் வெளிவந்தது.

எல்லா வீடுகளும் ஒரே தன்மையன அல்ல. ஓட்டு வீட்டிலும் கிடுகு வீடு எளிதில் தீப்பற்றும். இரு வீட்டாரும் ஒரே தொகையைச் செலுத்த வேண்டுமெனில், ஓட்டு வீட்டார் தமக்கு அநீதி இழைக்கப்படுகிறது என்று விலகிவிடுவர். கிடுகு வீட்டார் மாத்திரமே எஞ்சுவர். பணம் போதாது போகும். ஆதலால் இடரின் அளவுக்கேற்பக் கட்டுப்பணம் கூடியும் குறைந்தும் அமைகிறது.

தீக் காப்புறுதி ஒரு பேரழிவின் பின்னரே பிறந்தது. 1666ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆந் திகதி, இலண்டன் மாநகரின் புடிங் ஒழுங்கையில் ஒரு வெதுப்பகத்தில் மூண்ட தீ நான்கு நாட்கள் எரிந்தது. பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும், எண்பத்தேழு கோவில்களும், புகழ்பெற்ற புனித பவுல் பேராலயமும் சாம்பராயின. வீடிழந்தோர்க்கு ஈடு செய்ய எந்த ஏற்பாடும் அன்று இருக்கவில்லை. அதன்பின் நிக்கலஸ் பாபன் என்பவர் 1680ஆம் ஆண்டையடுத்து வீடுகளுக்குத் தீக் காப்புறுதி வழங்கும் நிலையமொன்றை அந்நகரில் அமைத்தார். செங்கல் வீட்டுக்கு வாங்கிய கட்டணத்தைப் போல இருமடங்கை அவர் மர வீட்டுக்கு வாங்கினார். அக்காலக் காப்புறுதி நிலையங்கள் தமக்கெனத் தீயணைப்போரையும் வைத்திருந்தன.

கடற் காப்புறுதி இதனிலும் தொன்மை வாய்ந்தது. இத்தாலியின் ஜெனோவா நகரில் 1347ஆம் ஆண்டு எழுதப்பட்ட கப்பற் காப்புறுதி ஒப்பந்தமொன்று இன்றும் பேணப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் எட்வேட் லொயிட் என்பவர் நடத்திய கோப்பிக் கடையிலே கப்பலோட்டிகளும் வணிகரும் கூடுவர். பயணமொன்றின் விபரம் எழுதிய தாள் கைமாறும்; இடரில் இவ்வளவு பங்கைத் தாம் ஏற்பதாகச் செல்வர்கள் ஒருவர் பெயரின் கீழ் ஒருவராகக் கையொப்பமிடுவர். கப்பல் மூழ்கினால் ஒருவரும் முற்றாக மூழ்கார். லொயிட்ஸ் என்னும் உலகப் புகழ்பெற்ற காப்புறுதிச் சந்தை அந்தக் கோப்பிக் கடையின் வழிவந்ததே.

ஆயிரம் வீடுகளும் ஒரே தெருவில் இருந்து ஒரே நாளில் எரிந்தால் கம்பனியின் கதி யாது என்ற வினா இங்கே எழும். இவ்விடரைக் கம்பனி இரு வழிகளாற் குறைத்துக்கொள்கிறது. ஒன்று, பல ஊர்களிலும் பல வகையாகவும் இடரைப் பரப்பி வைத்தல். மற்றது, தான் ஏற்ற பொறுப்பின் ஒரு பகுதியை வேறொரு கம்பனியிடம் கட்டுப்பணம் கொடுத்து ஒப்படைத்தல். இதற்கு மீள்காப்புறுதி என்று பெயர். சுவிற்சர்லாந்தின் கிளாறஸ் நகரம் 1861ஆம் ஆண்டு தீயால் அழிந்தது. அந்நாட்டுக் கம்பனிகளால் அந்நட்டத்தைத் தாங்க முடியவில்லை. அதன் பயனாக 1863ஆம் ஆண்டில் அந்நாட்டிலே மீள்காப்புறுதிக் கம்பனியொன்று தோன்றியது. இன்று உலகின் மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று. 1906ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பூகம்பமும் அதனையடுத்துத் தீயும் நேர்ந்தபோது, இடரை ஓரிடத்திலே குவித்து வைத்திருந்த கம்பனிகள் சில வீழ்ந்தன. கடல் கடந்து பரப்பி வைத்திருந்தவை பல நின்று பிடித்தன.

இலங்கையும் இப்பாடத்தைக் கண்டது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோரங்களைத் தாக்கியது. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். காப்புறுதி செய்யப்பட்டிருந்த விடுதிகளுக்கும் வணிக நிலையங்களுக்கும் ஈடு கிடைத்தது. மீனவரின் வள்ளங்களிலும் வீடுகளிலும் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காப்புறுதி இருக்கவில்லை. யாவற்றையும் இழந்த அக்குடும்பங்கள் அரசின் உதவியையும் அயலாரின் இரக்கத்தையும் எதிர்பார்த்துக் காத்திருக்க நேர்ந்தது.

இனி, ஆயுட் காப்புறுதியை நோக்குவோர்க்கு ஓர் ஐயம் தோன்றும். வீடு எரியாமலே இருத்தல் கூடும். மனிதர் இறவாதிருத்தல் கூடுமோ? இங்கே அறியவேண்டியது மரணம் வருமா என்பதன்று, எந்த வயதில் வரும் என்பதாகும். வால்வெள்ளியாற் பெயர்பெற்ற வானியல் அறிஞர் எட்மண்ட் ஹலி, பிரெஸ்லோ என்னும் நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, எந்தெந்த வயதில் எத்தனை பேர் எஞ்சியிருப்பர் என்ற அட்டவணையை 1693ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1762ஆம் ஆண்டு இலண்டனில் தோன்றிய எக்குவிற்றபிள் சங்கம், சேரும்போதுள்ள வயதுக்கேற்பக் கட்டுப்பணத்தைக் கணித்து, அதனை ஆயுள் முழுவதும் மாறாத தொகையாக வாங்கும் முறையைக் கைக்கொண்டது. இம்முறைப்படி ஒருவர் இளமையில் தம் இடருக்கு வேண்டியதிலும் கூடுதலாகச் செலுத்துகிறார். அம்மிகுதி வட்டியுடன் வளர்ந்து முதுமையில் ஏற்படும் குறைவை நிரப்புகிறது. பத்திரத்தை இடையிலே கைவிடுபவர் நட்டமடைவதன் காரணமும் இதிலிருந்து விளங்கும். முதலாண்டுகளிற் செலுத்திய பணத்திற் பெரும்பகுதி முகவரின் தரகுக்கும் அலுவலகச் செலவுக்கும் போய்விடுகிறது. சேமிப்பாக வளர்வதற்குக் காலம் வேண்டும்.

இவ்வாறு பார்க்குமிடத்து, காப்புறுதிக் கம்பனியின் உண்மை உருவம் தெளிவாகிறது. கட்டுப்பணம் முதலிற் சேர்கிறது. நட்டஈடு பின்னரே கொடுக்கப்படுகிறது. இடைக்காலத்தில் அப்பணம் அரசாங்கப் பிணைகளிலும் வங்கி வைப்புகளிலும் இடப்பட்டு வருவாய் ஈட்டுகிறது. கம்பனியின் பொறுப்பிலுள்ள அப்பணத்திற் பெரும்பகுதி பங்குதாரருக்கு உரியதன்று. இனி வீடு எரிய இருப்பவர்க்கும், இனி விதவையாக இருப்பவர்க்கும் அது உரியது. கம்பனி அதனைக் காத்து நிற்கும் காவலாளி. காவலாளி தகாதவர்க்குக் கொடுத்தாலும் பிழை. தக்கவர்க்குக் கொடாது மறுத்தாலும் பிழை.

இக்காரணத்தால் காப்புறுதி ஒப்பந்தத்துக்குச் சில விதிகள் ஏற்பட்டன. முதலாவது, காப்புறுதி செய்பவருக்கு அப்பொருளிலோ அவ்வுயிரிலோ உண்மையான நலன் இருத்தல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தமக்குத் தொடர்பற்றவர்களின் உயிர்மேற் பத்திரம் எடுத்துப் பந்தயம் கட்டும் கொடிய வழக்கம் பரவியது. 1774ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுத்தது. இரண்டாவது, பொருட் காப்புறுதியில் ஈடு என்பது இழந்ததை நிரப்புவதேயன்றி இலாபம் தருவதன்று. பத்து இலட்சம் பெறுமதியான வீட்டை இரு கம்பனிகளிற் காப்புறுதி செய்தவருக்கு இருபது இலட்சம் கிடையாது. மறுபுறம், அதே வீட்டை ஐந்து இலட்சத்துக்கு மாத்திரம் காப்புறுதி செய்துவிட்டு, தீயால் நான்கு இலட்சம் நட்டமடைந்தவருக்குப் பெரும்பாலான பத்திரங்களின்படி இரண்டு இலட்சமே கிடைக்கும். பெறுமதியிற் பாதிக்கே கட்டுப்பணம் செலுத்தியவர் மற்றப் பாதிக்குத் தாமே பொறுப்பாளியாகக் கருதப்படுவதே இதன் காரணம்.

மூன்றாவது விதியே யாவற்றிலும் தலையாயது. சந்தையில் மாடு வாங்குபவர் அதன் பல்லையும் நடையையும் தாமே பார்த்துத் தெளியலாம். காப்புறுதிக் கம்பனியோ இடரைப் பற்றி, காப்புறுதி செய்பவர் வாயிலாகவே பெரிதும் அறிகிறது. ஆதலால் இரு பாலாரும் ஒருவருக்கொருவர் ஒளிவுமறைவின்றி உண்மை உரைத்தல் வேண்டும். உச்ச நம்பிக்கை என்று இதனைச் சட்டநூலார் கூறுவர்.

1766ஆம் ஆண்டில் மான்ஸ்பீல்ட் பிரபு என்னும் ஆங்கில நீதியரசர் தீர்த்த ஒரு வழக்கே இவ்விதியின் மூலவழக்காகப் போற்றப்படுகிறது. சுமாத்திராத் தீவிலிருந்த மார்ள்பரோக் கோட்டையின் ஆளுநர் காட்டர் என்பவர், கோட்டை அந்நியப் பகைவரின் கையில் வீழும் இடருக்கு இலண்டனிற் காப்புறுதி செய்திருந்தார். 1760ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை வலியற்றது என்பதையும் பிரெஞ்சுத் தாக்குதல் எதிர்பார்க்கப்பட்டது என்பதையும் ஆளுநர் மறைத்தார் என்று சொல்லிக் காப்புறுதியாளர் பணம் கொடுக்க மறுத்தார். காப்புறுதி செய்பவர் தாம் மாத்திரம் அறிந்த செய்திகளை மறைத்தலாகாது என்பதை நீதியரசர் தெளிவாக எடுத்துரைத்தார். அவ்வளவில் நிற்காது, இலண்டனில் இருந்தவரும் அறியக்கூடிய செய்திகளைக் கேளாது கட்டுப்பணத்தை வாங்கிக்கொண்டு, நட்டம் வந்தபின் குறை கூறுதல் காப்புறுதியாளருக்கும் அடாது என்று கண்டார். தீர்ப்பு ஆளுநருக்குச் சார்பாயிற்று. வாய்மை இரு பக்கத்தாரையும் கட்டுப்படுத்தும் என்பதே அவ்வழக்குத் தரும் பாடம்.

இலங்கையில் 1866ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்று ஆயுட் காப்புறுதியிலும் தீக் காப்புறுதியிலும் ஆங்கிலச் சட்டத்தைப் புகுத்தியது. ஆதலால் அக்கோட்டை வழக்கு, இலங்கைக் கிராமமொன்றில் முன்மொழிவுப் படிவத்திற் கையொப்பமிடும் விவசாயியையும் தொடுகிறது.

எத்தனையோ குடும்பங்களுக்கு நேரக்கூடிய துன்பமொன்றை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். ஒரு குடும்பத் தலைவர், வயது நாற்பத்தைந்து, சில ஆண்டுகளாக நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர். அறிமுகமான முகவர் ஒருவர் படிவத்தோடு வீட்டுக்கு வருகிறார். நோய்கள் பற்றிய வினாக்கள் எல்லாவற்றுக்கும் இல்லை என்று முகவரே எழுதிவிடுகிறார். உண்மையை எழுதினால் வீண் தாமதம் என்கிறார். குடும்பத் தலைவர் வாசியாமலே கையொப்பமிடுகிறார். மூன்று ஆண்டுகள், ஒரு தவணையும் தவறாது, வயிற்றைக் கட்டிப் பணம் செலுத்துகிறார். பின்னர் இறந்துபடுகிறார். மனைவி பத்திரத்தை எடுத்துக்கொண்டு கம்பனிக்குப் போகிறாள். கம்பனி வைத்தியசாலைப் பதிவுகளைப் பார்க்கிறது, கோரிக்கையை நிராகரிக்கிறது. கணவன் தன் பிள்ளைகளுக்குக் கட்டிவைத்ததாக நம்பிய கோட்டை, தாளில் எழுதிய ஒரு சொல்லால் இடிந்து விழுகிறது. அவள் செய்த பிழை ஒன்றுமில்லை.

உண்மையை எழுதியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியது யாது? கம்பனி மருத்துவப் பரிசோதனை கேட்டிருக்கும்; கட்டுப்பணத்தைச் சிறிது கூட்டியிருக்கும்; சிலவேளை மறுத்தும் இருக்கும். மறுத்திருந்தால் அப்பணத்தை வேறு வழியிற் சேமித்திருக்கலாம். எந்த விடையாயினும், பொய்யான காவலிலும் அது மேலானது. இங்கிலாந்திலேயே 2012ஆம் ஆண்டுச் சட்டமொன்று சாதாரண மக்கள்மீது இருந்த இக்கடமையைத் தளர்த்தி, கேட்ட வினாக்களுக்குத் தக்க கவனத்துடன் பிழையின்றி விடையளித்தாற் போதும் என்று விதித்திருக்கிறது. அங்கும் தெரிந்தே பொய் உரைப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை.

காவலாளியைக் காப்பவர் யார் என்ற வினாவுக்கும் விடை வேண்டும். இலங்கையில் முன்னர் வெளிநாட்டுக் கம்பனிகளே பெரும்பாலும் இத்தொழிலை நடத்தின. 1962ஆம் ஆண்டு அரசாங்கத்தின் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தொடங்கி ஆயுட் காப்புறுதியைத் தன் தனியுரிமையாக்கியது. 1964இல் பொதுக் காப்புறுதியும் அதன் வசமாயிற்று. 1988ஆம் ஆண்டளவில் தனியார் கம்பனிகளுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இத்தொழிலை ஒழுங்குபடுத்தச் சபையொன்றை நிறுவியது. அதுவே 2017ஆம் ஆண்டு முதல் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்று வழங்குகிறது. கம்பனிகளுக்கு அனுமதி அளிப்பதும், பொறுப்புகளை நிறைவேற்றப் போதிய சொத்து அவற்றிடம் உண்டா என்று பார்ப்பதும் அதன் கடமைகள். கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டதாகக் கருதுபவர் முதலிற் கம்பனிக்கு எழுத்து மூலம் முறையிடலாம், அங்கே தீராவிடின் ஆணைக்குழுவிடமோ காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ செல்லலாம், நீதிமன்றமும் உண்டு.

ஆயின் இவை யாவும் பிணி வந்தபின் தேடும் மருந்துகள். வருமுன் காக்கும் வழி மிக எளியது. படிவத்தின் ஒவ்வொரு வினாவையும் வாசித்து, அல்லது வாசிப்பித்துக் கேட்டு, உண்மையான விடையை எழுதுக. வெற்றுத்தாளிலும் நிரப்பாத படிவத்திலும் கையொப்பமிடற்க. செலுத்தும் பணம் ஒவ்வொன்றுக்கும் கம்பனியின் பற்றுச்சீட்டைப் பெறுக. பத்திரம் கைக்கு வந்ததும் எவ்வெவற்றுக்கு ஈடு இல்லை என்று குறித்துள்ள பகுதியை முதலில் வாசிக்க. பத்திரம் இருக்கும் இடத்தை மனைவி மக்கள் அறிந்திருக்கச் செய்க.

எரிந்த வீட்டுக்குக் கிடுகு கொண்டுவந்த அயலவர் வீட்டுக்காரரை முகம் பார்த்து அறிந்தவர். அவர் தம் வீட்டுக்குத் தாமே தீ வைத்தவரல்லர் என்பதை அவர்கள் ஐயமின்றி அறிவர். காப்புறுதியில் உதவுபவர்கள் கண்டறியாத ஆயிரம் பேர். அவர்களுக்கும் உதவி பெறுபவருக்கும் இடையே முகமாக நிற்பது அந்தப் படிவம் ஒன்றே. அதில் எழுதுவது உண்மையாக இருக்கும்வரை அவர்களும் அயலவரே.